உம் கொட்ட ஓர் ஆள்

சிறுவர் கதைப் போட்டி நடத்துவோருக்கும், பிள்ளைகளை அதற்கு அனுப்பும் வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் போட்டியில் மூன்று ஆண்டுகளாக நடுவராக இருந்துவருகிறேன். இந்த ஆண்டுக் கதைக்கட்டையும் மதிப்பெண் தாளையும் நேற்று அனுப்பிவிட்டேன். தாளில் ஒரு கட்டம் காலியாக இருக்கும். மறந்து விட்டதல்ல. காரணத்தைத் தொலைபேசியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இதுபோன்ற போட்டிகளை நடத்தும் மற்றவர்களுக்கும், பிள்ளையை உட்காரவைத்து "எங்கே, ஒரு கதை எழுது பார்க்கலாம்" என்று தாளை நீட்டும் வீட்டாருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

காலியாக விட்ட கட்டம், ஆறு முதல் எட்டு வயதுப் பிரிவில் வந்த ஒரு கதைக்கு உரியது. எழுதிய பிள்ளை யாரென்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு வருவது எண் மட்டும்தான். ஒரே பக்கம். பென்சில். கீழே வர வர எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. பிழைகளோடு அப்படியே தருகிறேன்:

"ஏனிக்கு உயரம்னா பயம். அதனால அது படுத்தே இருக்கும். எல்லாரும் அதத் தாண்டிப் போவாங்க. ஒரு நாள் ஒரு எரும்பு அது மேல நடந்துச்சு. எவ்ளோ நீல ரோடுன்னு எரும்பு சொல்லுச்சு. ஏனிக்கு சிரிப்பு வந்துச்சு. அப்புறம்"

அவ்வளவுதான். தாள் அங்கே தீர்ந்துவிட்டது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை.

மற்ற நடுவர்கள் இருவரும் 50-க்கு 11, 14 என்று போட்டிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. நீங்கள் வகுத்த திட்டப்படிதான் போட்டார்கள்: பிழையற்ற நடைக்கு 15, நல்ல கருத்துக்கு 15, கதை அமைப்புக்கு 10, கற்பனைக்கு 10. ஏணிக் கதையில் நடை பேச்சுவழக்கு, எழுத்துப்பிழை ஏராளம், கருத்து இல்லை, முடிவும் இல்லை. திட்டத்தை வைத்துக் கூட்டினால் 14 தாண்டாது.

இதே பிரிவில் எல்லாரும் ஒருமனதாக முதலிடம் தந்த கதையையும் படித்தேன். ஒரு சிறுவன் மரத்தை வெட்டப் போகிறான், மரம் பேசுகிறது, அவன் திருந்துகிறான். "இயற்கையைப் பேணுவது நம் தலையாய கடமை என்பதை அவன் உணர்ந்தான்" என்று முடிகிறது. ஒரு பிழையில்லை. ஆனால் ஏழு வயதில் 'தலையாய கடமை'யை உணர்ந்த பிள்ளையை இதுவரை நான் பார்த்ததில்லை. அந்த வரியை எழுதியவருக்கு முப்பத்தைந்து வயதாவது இருக்கும். அவர் தன் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நம் மதிப்பெண் திட்டத்தைச் சரியாகப் படித்திருக்கிறார், அவ்வளவே.

பிழைக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் தொழிலே மெய்ப்புத் திருத்துவது. ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத ஜாதி நான். அந்தத் தொழில்புத்தியால் வீட்டிலேயே ஒரு சேதம் செய்திருக்கிறேன். என் மகள் ஐந்து வயதில் நாளுக்கு மூன்று கதை சொல்வாள். இப்படிச் சொல்கிறாளே, எழுதினால் நன்றாக இருக்குமே என்று ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். எழுதினாள். திருத்தினேன். மறுபடி எழுதினாள். மறுபடி திருத்தினேன், அன்பாகத்தான். சில மாதம் கழித்து ஒருநாள் பக்கத்தில் வந்து, "அம்மா, ஒரு கதை சொல்லவா? ஆனா எழுதச் சொல்லக் கூடாது" என்றாள். அதற்குள் அவள் கதைகள் நான்கு வரிக்குச் சுருங்கியிருந்தன. எழுதவேண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில், தெரியாத எழுத்து வரும் சொல்லையெல்லாம் தவிர்த்திருக்கிறாள். முதலையைப் பற்றி ஆரம்பித்த கதை பூனையைப் பற்றி முடிந்த மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எழுதுவது பெரியவர்களுக்கு ஒரே வேலை. பிள்ளைக்கு அது ஒரே நேரத்தில் ஏழெட்டு வேலை. எழுத்தின் வடிவத்தை நினைவில் கொண்டுவர வேண்டும், பென்சிலைக் கோட்டின்மேல் நிறுத்த வேண்டும், லகரமா ளகரமா என்று முடிவு செய்ய வேண்டும், அதற்குள் ஏணி என்ன செய்துகொண்டிருந்தது என்பதும் மறக்கக் கூடாது. பூர்தான், ஃபயோல் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கேட்ட சொற்களைத் திரும்பச் சொல்லச் சொன்னபோது பிள்ளைகள் சொன்ன அளவுக்கு, எழுதச் சொன்னபோது எழுத முடியவில்லை. பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. பிறகு பெரியவர்களைப் பழக்கமில்லாத எழுத்துவடிவில் எழுதச் சொன்னார்கள். அவர்களுக்கும் சொற்கள் கைநழுவத் தொடங்கின. சந்தேகம் இருப்பவர்கள் இடதுகையால் ஒரு பக்கம் கதை எழுதிப் பார்க்கலாம். மூன்றாவது வரியில் கதாநாயகன் யாரென்பதே மறந்துபோகும்.

தமிழில் எழுதும் பிள்ளைக்கு இதோடு இன்னொரு சுமையும் உண்டு. 247 எழுத்துகளைச் சொல்லவில்லை, அவை பழகிவிடும். பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். "எறும்பு நடந்துச்சு" என்று மனத்தில் ஓடும் கதையை "எறும்பு நடந்தது" என்று மாற்றித்தான் தாளில் இறக்க வேண்டும். 'இருந்துச்சு' 'இருந்தது' ஆகும்போது பெரிய நஷ்டமில்லை. ஆனால் "ஏணி திருதிருன்னு முழிச்சுச்சு" என்பதை எழுத்துத்தமிழுக்குக் கொண்டுபோகத் தெரியாமல், "ஏணி பயந்தது" என்று எழுதிவிட்டுப் பிள்ளை நகர்ந்துவிடும். கதையின் உயிர் இருந்ததே அந்தத் திருதிருவில்தான். இப்படி ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் போய், கடைசியில் சரியான வாக்கியங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. நாமும் "பிள்ளைக்குக் கற்பனை போதவில்லை" என்று எழுதிவிடுகிறோம்.

இதற்கு மருந்து மிகப் பழையது. கதை சொல்கிறவருக்கு எதிரே 'உம்' கொட்ட ஓர் ஆள் வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். பிள்ளைக்குக் கதை சொல்லும்போது அது உம் கொட்டுகிறதா என்று கவனமாகப் பார்க்கும் நாம், பிள்ளை சொல்லும்போது மட்டும் உம் கொட்டுவதை விட்டுவிட்டுச் சிவப்பு மையை எடுத்துக்கொள்கிறோம்.

வீட்டில் செய்யவேண்டியது இவ்வளவுதான்: பிள்ளை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். சொன்ன சொல்லை, சொன்ன வழக்கிலேயே, 'முழிச்சுச்சு' என்றால் 'முழிச்சுச்சு' என்றே. நல்லதாக்கக் கூடாது. வேகமாகச் சொன்னால் "இரு, கை வலிக்குது" என்று நிறுத்தலாம். தான் சொல்வதை ஒருவர் கை வலிக்க வலிக்க எழுதுகிறார் என்பது பிள்ளைக்குப் பெரிய கௌரவம். முடிந்ததும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இந்த இடத்தில்தான் அதிசயம் நடக்கும். என் மகளுக்கு அப்படிப் படித்துக் காட்டியபோது, "அப்புறம் அப்புறம்னு நிறைய வருதும்மா. ரெண்ட எடுத்துடு" என்றாள். நான் நோட்டில் அத்தனை முறை சுழித்தும் வராத புத்தி, தன் கதையைத் தன் காதால் கேட்டதும் தானாக வந்தது. திருத்தி எழுதுதல் என்று நாம் மாணவர்களுக்கு மண்டையுடைத்துச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். வாசிப்பவர் இடத்தில் தன்னை உட்காரவைத்துக் கேட்பது.

சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியராக இருந்த விவியன் பேலி என்பவர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். பிள்ளைகள் சொல்லும் கதைகளை எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பு முழுவதும் கூடி அந்தக் கதையை நடிக்கும். என்ன வேடம் தனக்கு என்பதைக் கதை சொன்ன பிள்ளையே தீர்மானிக்கும். நடிக்கும்போது ஓட்டைகள் தெரியவரும். "சிங்கம் போச்சு" என்று சொல்லியிருந்தால், சிங்கமாக நிற்கும் பிள்ளை "எங்கே போறது?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்டிருந்தால் அது பரீட்சை. சிங்கமே கேட்டால் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? வீட்டில் இரண்டு பேர் இருந்தாலே இதைச் செய்யலாம். அப்பாக்கள் ஏணியாகப் படுத்திருக்க மறுப்பதை மட்டும் நான் இதுவரை பார்த்ததில்லை. படுக்கச் சொன்னால் உடனே படுத்துவிடுகிறார்கள்.

பிள்ளை சொல்ல நாம் எழுதினால் சோம்பேறியாகிவிடாதா என்று கேட்கிறார்கள். கைப்பயிற்சி தனியாக நடக்கட்டும், அதற்கு வேறு நேரம் இருக்கிறது. கதைக்கும் கைக்கும் ஒரே நேரத்தில் பரீட்சை வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். கை வேகம் பிடித்த பிறகு பிள்ளையே உங்களிடமிருந்து பென்சிலைப் பிடுங்கிக்கொள்ளும். "நீ மெதுவா எழுதுற" என்பது என் வீட்டில் சொல்லப்பட்ட காரணம்.

கேள்வி கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நல்ல மனத்தோடு நாம் அதிகம் கெடுப்பது இங்கேதான். "அந்த எறும்பு ஏணிக்கு உதவி பண்ணுச்சா?" என்று கேட்டால் அது கேள்வியில்லை. முடிவை நாமே எழுதிவிட்டு, கையெழுத்து மட்டும் பிள்ளையிடம் வாங்குகிறோம். பெரியவர் விரும்பும் பதில் எது என்பதை நம் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். "ஆமா, உதவி பண்ணுச்சு" என்பார்கள். கதை அத்தோடு செத்துவிடும். "ஏணி எங்கே படுத்திருந்தது?", "எறும்பு நடந்தப்போ ஏணிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் பிள்ளை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும். உண்மையிலேயே பார்க்கும், கண் ஒருமாதிரி மேலே போகும், கவனித்திருப்பீர்கள். பதில் நமக்குத் தெரியாத கேள்வியைத்தான் கேட்க வேண்டும். வேறு விதி எனக்குத் தெரியவில்லை.

கற்பனைக் கதைக்கு மட்டுமல்ல, நடந்ததைச் சொல்வதற்கும் இது பொருந்தும். பீட்டர்சன், ஜெஸ்ஸோ, மெக்கேப் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பள்ளிக்குச் செல்லாத வயதுக் குழந்தைகளின் தாய்மார்கள் சிலருக்கு, நடந்து முடிந்த ஒன்றைப் பற்றி நீண்ட நேரம் பேசவும், ஆம்-இல்லை என்று முடியாத கேள்விகளைக் கேட்கவும் ஊக்கம் தந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகள் நிகழ்ச்சிகளைக் கோவையாகச் சொல்வதில் முன்னேறியிருந்தார்கள். சொல்வளம் உடனே கூடியது, ஆனால் கோவையாகச் சொல்வது கைவர ஓராண்டு ஆயிற்று. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது கதை எழுதப் பயிற்சி தேடும் வீட்டார் இந்த ஓராண்டைக் கவனிக்க வேண்டும்.

விவரம் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "வர்ணித்து எழுது" என்று பிள்ளைகளிடம் சொன்னால் 'அழகிய', 'பெரிய', 'பசுமையான' என்று அடைமொழியை வாரி இறைப்பார்கள். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் தன் ஊரில் விவசாயிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். 1862-இல், எழுதுவதை யார் யாரிடம் கற்க வேண்டும், அந்தப் பிள்ளைகள் நம்மிடமா நாம் அவர்களிடமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். 'கரண்டியால் ஊட்டுவான், காம்பால் கண்ணைக் குத்துவான்' என்ற பழமொழியைக் கொடுத்து அவர்களோடு சேர்ந்து கதை கட்டிய அனுபவம் அதில் இருக்கிறது. ஃபெட்கா என்ற சிறுவன், கதையில் வரும் ஒரு ஆள் பெண்கள் போடும் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான் என்று ஒரு வரி சொல்கிறான். ஆளின் உடல்வாகு, குணம், நிலைமை எல்லாமே அந்த ஒரு கோட்டில் வந்துவிட்டதே என்று டால்ஸ்டாய் வியக்கிறார். ஒரு அடைமொழிகூட இல்லை. நம் ஏணிக் கதையிலும் அப்படி ஒரு வரி இருக்கிறது: "எல்லாரும் அதத் தாண்டிப் போவாங்க." தனிமை என்ற சொல்லே இல்லாமல் தனிமை வந்துவிட்டது. இதற்குக் கற்பனை என்ற தலைப்பில் ஒரு நடுவர் 10-க்கு 4 போட்டிருக்கிறார்.

டால்ஸ்டாயின் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய அந்தக் கதைக்கு நேர்ந்தது சுவையானது. அவர் ஊரில் இல்லாத நேரத்தில், காகித வெடி மடிக்கும் விளையாட்டு பிள்ளைகளிடையே பரவி, கைப்பிரதி அதற்கே தீர்ந்துபோனது. டால்ஸ்டாய்க்கு ஆற்றாமை. ஃபெட்காவும் இன்னொரு சிறுவனும் வந்து உட்கார்ந்து மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். கதை அவர்களுக்குள் இருந்தது, தாளோடு போய்விடவில்லை.

எதைப் பற்றி எழுதுவது என்று விழிக்கும் பிள்ளைக்கு, 'தலைப்பு' தருவதைவிட இரண்டு சொல் தருவது நல்லது. இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜியான்னி ரோடாரி (1970-இல் சிறுவர் இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது பெற்றவர்) சொன்ன வழி இது. இரண்டு சொற்களுக்கும் இடையே தூரம் இருக்க வேண்டும். குதிரை, நாய் என்றால் பொறி பறக்காது. நாய், அலமாரி என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டையும் 'உள்ளே', 'மேலே', 'உடைய' என்று உறவு காட்டும் முன்னிடைச் சொற்களால் இணைத்துப் பார்த்தார். அந்த வேலைக்குத் தமிழில் வேற்றுமை உருபுகளே இருக்கின்றன. அலமாரிக்குள் நாய்: உள்ளே எப்படிப் போனது? நாயின் அலமாரி: அப்படியானால் அதில் என்ன அடுக்கி வைத்திருக்கும்? அலமாரியோடு நாய்: எங்கே இழுத்துக்கொண்டு போகிறது? நாய்க்காக அலமாரி: யாரோ செய்து தந்திருக்கிறார்கள். உருபு மாறினால் கதை மாறுகிறது. இலக்கண வகுப்பில் எட்டு வேற்றுமையையும் ஒப்பித்த பிள்ளைகள் அது இத்தனை கதைகளின் சாவி என்று தெரியாமலே வளர்கிறார்கள். (தனியாக இலக்கணம் ஒப்பிப்பதால் எழுத்து மேம்படுவதில்லை என்று 1963 முதலே ஆய்வுத் தொகுப்புகள் சொல்லிவருகின்றன. அந்தச் சண்டைக்கு இப்போது போகவில்லை.)

ரோடாரிக்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் யானையும் குருவியும் நட்புக் கொண்டிருந்தன. தொல்காப்பியம் உரைநடையை வகைப்படுத்தும்போது 'பொருள் மரபு இல்லாப் பொய்ம்மொழி' என்று ஒன்றைத் தனி வகையாகவே வைக்கிறது. ஒரு யானையும் குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னது செய்தன என்று சொல்வது போன்றது அது என்று உரை விளக்குகிறது. இலக்கண நூலே பொய்க்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்திருக்கிறது! ஆனால் இன்றைய பேச்சில் பாருங்கள்: 'கதை விடாதே', 'கதை அளக்காதே', 'கதை கட்டுகிறான்', 'உன் கதையெல்லாம் என்கிட்ட வேணாம்'. கதை என்ற சொல்லை நாள் முழுவதும் திட்டுவதற்குப் பயன்படுத்திவிட்டு, மாலையில் "ஒரு கதை எழுது" என்கிறோம். பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

அந்தக் குழப்பத்தின் விளைவுதான் நீதி. பொய் சொல்லிவிட்ட குற்றத்துக்குப் பிராயச்சித்தம் மாதிரிக் கடைசியில் ஒரு நீதியை ஒட்டிவிடுகிறார்கள். இந்த ஆண்டு என் கதைக்கட்டில் வந்த 212 கதைகளில் 180-க்கு மேற்பட்டவை யாரோ ஒருவர் திருந்துவதில் முடிந்தன. பிள்ளைகளுக்கு நியாய அநியாயம் தெரியும். நம்மைவிட நுட்பமாகத் தெரியும். அது கதைக்குள் தானாக வரும். உயரத்துக்குப் பயந்த ஏணியை ஒரு எறும்பு ரோடு என்று மெச்சிய இடத்தில் என்ன நீதி குறைகிறது? அதை வாக்கியமாக எழுதச் சொல்லும் 15 மதிப்பெண்தான் கதையைக் கெடுக்கிறது.

முடிவு இல்லை என்று கழித்த மதிப்பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் அனுபவங்களைச் சொல்லும் விதத்தை ஆராய்ந்தவர்கள் வயதோடு ஒரு வளர்ச்சியைக் கண்டிருக்கிறார்கள். நான்கு வயதில் நிகழ்ச்சிகள் முன்னும் பின்னுமாகத் தாவும். ஐந்து வயதையொட்டி வரிசை வந்துவிடும். ஆனால் உச்சத்துக்குப் போனதும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதன்பின் இறக்கி முடித்துக் காட்டப் பழகுவார்கள். பல் முளைக்கும் வரிசை மாதிரி இது. கொஞ்சம் முன்பின் ஆகும், அவசரப்படுத்தினால் ஈறுதான் வலிக்கும். நம் ஏணிக் கதைக்கு அதுகூடக் காரணமில்லை. அந்தப் பிள்ளைக்குத் தாள் தீர்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை. 'ஒரு பக்கத்துக்கு மிகாமல்' என்பது நம் விதி.

பிழையை எப்போது திருத்துவது? கதையை வெளியே கொடுக்கப்போகும் நேரத்தில். பக்கத்துவீட்டுத் தோழிக்குப் படிக்கத் தரவேண்டும், நான்கு தாளைத் தைத்துப் புத்தகமாக்க வேண்டும் என்ற நிலை வந்தால் பிள்ளையே "இது சரியா?" என்று கேட்கும். அப்போது சொல்லித்தருவது மனத்தில் நிற்கும். அதற்கு முன் திருத்துவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அதை இந்த ஆண்டுதான் கண்டுபிடித்தேன். "எவ்ளோ நீல ரோடு" என்ற இடத்தில் என் கை தானாகவே லகரத்தைச் சுழித்து ளகரம் ஆக்கிவிட்டது. இருபது ஆண்டுப் பழக்கம். பிறகுதான் உறைத்தது: அந்த ஏணிக்கு நீலப் பெயின்ட் அடித்திருந்தால்? எறும்பு உண்மையிலேயே நீல நிற ரோட்டைப் பார்த்து வியந்திருந்தால்? 'எவ்ளோ' என்பதால் நீளம்தான் என்று நீங்கள் வாதிடலாம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளையைக் கேட்காமல் நமக்குத் தெரிய வழியில்லை. என் சுழியை அழித்துவிட்டேன்.

பரிசு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, உங்களுக்குக் கசக்கும் என்றாலும். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். படம் வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் நாடா கட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், தந்தார்கள். பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் பேனாவைத் தொடுவது, மற்றப் பிள்ளைகளைவிடப் பாதியாகக் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. எழுத்திலும் இதற்கு ஒரு சான்று உண்டு. தெரெசா அமபில் என்ற உளவியலாளர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் ஈடுபட்டிருந்த 72 பேரில் ஒரு பகுதியினரிடம், பணம், பெயர் போன்ற வெளிக்காரணங்களைக் கொடுத்துச் சில நிமிடம் வரிசைப்படுத்தச் சொன்னார். அதன்பின் அவர்கள் எழுதிய கவிதைகளில் புதுமை குறைந்திருந்ததாகக் கவிஞர்களே மதிப்பிட்டார்கள். வளர்ந்தவர்களுக்கே, சில நிமிடத்துக்கே இந்தக் கதி. மூன்று மாதமாக 'முதல் பரிசு' என்ற சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஏழு வயதுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

போட்டியையே மூடிவிடுங்கள் என்று சொல்லவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில், மதிப்பீடு ஒரு சவாலாக இருக்கலாம். சிலர் அதில் மலர்கிறார்கள். பத்து வயதுக்குக் கீழே இடவரிசை வேண்டாம் என்று கேட்கிறேன். 'நல்ல கருத்து' என்ற 15 மதிப்பெண்ணை எல்லாப் பிரிவிலும் எடுத்துவிடுங்கள். 'பிள்ளை சொல்லப் பெரியவர் எழுதினார்' என்று குறிப்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள். இப்போதும் பல கதைகள் பெரியவர் எழுதியவைதான், பிள்ளை சொன்னதை எழுதட்டுமே. குரல்பதிவாக அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பேச்சுவழக்கை அனுமதியுங்கள். பக்க வரம்பைத் தூக்குங்கள்.

கோப்பைக்கும் சான்றிதழுக்கும் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாசகர் கடிதம் போகட்டும். 'அருமை', 'சிறப்பு' என்ற முத்திரை வேண்டாம். கதையைப் படித்தவருக்கு எந்த வரி மனத்தில் நின்றது, எதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது என்று இரண்டு வரி. 212 பேருக்கும் யார் எழுதுவது என்பீர்கள். கணக்குப் போட்டேன்: கடிதத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் 18 மணி நேரத்துக்கும் குறைவு. மூன்று நடுவர்கள் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு விடுமுறை நாள் போகும். மற்ற இருவருக்கும் முடியாவிட்டால் இந்த ஆண்டு நானே எல்லாவற்றையும் எழுதுகிறேன். மதிப்பெண் போடும் பொறுப்பிலிருந்து மட்டும் என்னை விடுவித்துவிடுங்கள்.

முதல் கடிதத்தை எழுதி, மதிப்பெண் தாள்களுக்குப் பின்னால் ஒட்டிய உறையில் வைத்திருக்கிறேன். அந்தக் காலிக் கட்டத்துக்குரிய எண் உறைமேல் இருக்கிறது. முகவரி உங்களிடம்தான் இருக்கிறது, தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். உள்ளே நான்கு வெள்ளைத் தாள்களும் உள்ளன. கடிதத்தில் இரண்டே வரி:

"ரோடு நீளமா, நீலமா?
அப்புறம்?"

அன்புடன்,
உங்கள் நடுவர்களில் ஒருத்தி